நிறுவன சர்வர், நெட்வொர்க் நிர்வாகம் கற்க: ஒரே கணினிக்குள் ஒரு முழு அலுவலகத்தைக் கட்டுங்கள்

கேள்வி இதுதான்: கணினி பழுது பார்க்கத் தெரியும், விண்டோஸ் நிறுவத் தெரியும், லினக்ஸ் ஓரளவு பழக்கம். நிறுவன அளவில் சர்வரும் நெட்வொர்க்கும் அமைத்து நிர்வகிக்கும் வேலைக்குப் போக வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வது, விண்டோஸா லினக்ஸா, பயிற்சிக்குப் பழைய ராக் சர்வர் (அலமாரியில் பொருத்தும் வகை) வாங்க வேண்டுமா?

ராக் சர்வர் வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே வேண்டும். படிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது கடைசியில் வர வேண்டிய விஷயம்.

ஒரு சர்வரை நிறுவுவது அரை மணி நேர வேலை. அடுத்து அடுத்து என்று அழுத்தினால் முடிந்துவிடும். நிறுவனங்களில் நேரத்தைத் தின்பது அதுவல்ல. டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) தனியாக நன்றாக ஓடும், ஸ்விட்ச் தனியாக நன்றாக ஓடும், இரண்டும் சேரும் இடத்தில் பயனருக்கு ஐபி கிடைக்காது. பெரும்பாலான பழுதுகள் இப்படி இரண்டு சேவைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு சேவையையும் தனித்தனி வீடியோ பார்த்துத் தனித்தனி மெஷினில் நிறுவிப் பழகியவர் வேலைக்குப் போனதும் திணறுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே சிறியதாக இருந்தாலும் முழுதாக ஒன்றைக் கட்ட வேண்டும்: பயனர் கணினி, ஸ்விட்ச், ஃபயர்வால், டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றுவது), டொமைன் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு), ஃபைல் சர்வர், வெப் சர்வர், பேக்கப் எல்லாம் ஒன்றையொன்று நம்பி ஓடும் ஓர் அலுவலகம்.

என்ன மெஷின் தேவை

மெய்நிகராக்க வசதியுள்ள (தனக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டக்கூடிய) சாதாரண டெஸ்க்டாப் போதும். 32 ஜிபி ரேம், 500 ஜிபி அல்லது 1 டிபி எஸ்எஸ்டி. ப்ராசஸர் பெரிதாகத் தேவையில்லை, நான்கு கோர் இருந்தால் ஓடும். நெருக்கடி எப்போதும் ரேமில்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபயர்வாலுக்கு 1 முதல் 2 ஜிபி, இரண்டு டொமைன் கன்ட்ரோலருக்கு (டொமைனை நடத்தும் சர்வர்) தலா 3, ஃபைல் சர்வருக்கு 3, மூன்று லினக்ஸ் மெஷினுக்குத் தலா 2, விண்டோஸ் கிளையன்ட் ஒன்றுக்கு 4. ஏறத்தாழ 21 ஜிபி வந்துவிட்டது. 16 ஜிபி மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரை டெஸ்க்டாப் திரை இல்லாத 'கோர்' வடிவில் நிறுவுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் மட்டும் வேண்டாம். ஆறு மெஷின் ஒரே சமயத்தில் பூட் ஆகும்போது சுழலும் டிஸ்க் மூச்சு முட்டி நின்றுவிடும்.

பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்கிவிட்டு (இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்) ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவுங்கள். மெய்நிகர் மெஷின்களை இயக்கும் இந்த மென்பொருள் (ஹைப்பர்வைசர்) டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம் வைத்துச் செய்யப்பட்டது, பிரவுசரிலிருந்தே எல்லாவற்றையும் இயக்கலாம். முழு மெஷினையும் அதற்குக் கொடுக்க முடியாது, அன்றாட வேலையும் அதிலேயே செய்ய வேண்டும் என்றால் விண்டோஸ் ப்ரோவில் உள்ள ஹைப்பர்-வி போதும். ஹைப்பர்-வி இயங்கும் கணினியிலேயே விர்ச்சுவல்பாக்ஸையும் ஓட்டினால் இரண்டாவது தவழும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

உரிமம் ஒரு தடையே அல்ல. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும். ரெட் ஹேட் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 மெஷின் வரை இலவசம். அதுகூட வேண்டாம் என்றால் ராக்கி அல்லது ஆல்மா லினக்ஸ். டெபியன், உபுண்டு எப்போதும் இருக்கின்றன. ஆனால் ரெட் ஹேட் குடும்பத்தில் ஒன்றை அவசியம் பழக வேண்டும். எஸ்இலினக்ஸ் (எந்தச் சேவை எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) இயல்பாகவே இயங்கும் சூழலில் வேலை செய்யும் பழக்கம் அங்கேதான் வரும்.

நிஜ வன்பொருளில் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: விலேன் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) ஆதரவுள்ள பழைய மேனேஜ்டு ஸ்விட்ச், கன்சோல் கேபிளுடன். மெய்நிகர் ஸ்விட்சில் கேபிள் தவறான போர்ட்டில் செருகப்படாது, லிங்க் விளக்கு அணையாது. அந்த அனுபவம் கையால் வர வேண்டியது.

முதலில் காகிதத்தில்

மெஷின் எதையும் உருவாக்கும் முன் ஐபி திட்டத்தை எழுதுங்கள். 10.20.0.0/16 என்று ஒரு பெரிய பகுதியை எடுத்துக்கொண்டு, மூன்றாவது எண்ணை விலேன் எண்ணாகவே வையுங்கள். விலேன் 10 நிர்வாகத்துக்கு, 20 சர்வர்களுக்கு, 30 பயனர்களுக்கு, 40 விருந்தினர் வைஃபைக்கு. அப்படியானால் 10.20.30.117 என்ற முகவரியைப் பார்த்த உடனேயே அது பயனர் கணினி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சப்நெட்டும் (முகவரிப் பகுதியும்) /24, அதாவது கடைசி எண் மட்டும் மாறும். கேட்வே (அந்தப் பகுதியிலிருந்து வெளியே போகும் வழி) எப்போதும் .1, கையால் கொடுப்பவை .2 முதல் .49 வரை, டிஹெச்சிபி .100 முதல் .199 வரை. மீதியை விட்டுவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

192.168.0.0 அல்லது 192.168.1.0 என்று அலுவலக நெட்வொர்க்கை அமைப்பதைத் தவிருங்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அந்த முகவரியோடுதான் வருகின்றன. நாளை ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக 192.168.1.10 என்ற அலுவலக சர்வரைத் தேடினால், அவருடைய கணினி அதை வீட்டு நெட்வொர்க்கிலேயே தேடிவிட்டுக் காணவில்லை என்று சொல்லும். முகவரியை மாற்ற இருநூறு கணினிகளையும் அத்தனை பிரின்டர்களையும் தொட வேண்டிவரும்.

ஃபயர்வாலுக்கு ஓபிஎன்சென்ஸ் என்ற மென்பொருள் போதும். அதன் ஒரு நெட்வொர்க் கார்டை வெளி இணைப்பிலும், இன்னொன்றை ட்ரங்காகவும் வையுங்கள். ட்ரங்க் என்றால் ஒரே கேபிளில் பல விலேன்கள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் 802.1க்யூ முத்திரையோடு. இங்கே வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு. ஒரு முனையில் விலேன் 30 அனுமதிக்கப்பட்டிருக்கும், மறுமுனையில் பட்டியலில் விட்டுப்போயிருக்கும். மற்றவை எல்லாம் ஓடும், அது மட்டும் ஓடாது. இரண்டாவது, நேட்டிவ் விலேன் இரு முனையிலும் வேறுவேறாக இருப்பது. முத்திரை இல்லாத ஃப்ரேம்கள் ஒரு விலேனில் புறப்பட்டு இன்னொரு விலேனில் போய் இறங்கும். சர்வர் பகுதியிலுள்ள கணினி பயனர் பகுதியின் ஐபியை வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

டிஹெச்சிபி ரிலே: இதை ஒழுங்காகப் பழகினால் பாதி நெட்வொர்க் புரியும்

டிஹெச்சிபி சர்வரை விலேன் 20இல் வைத்து, விலேன் 30இலுள்ள கிளையன்டுக்கு ஐபி வரச் செய்யுங்கள். இதை ஒரு முழு நாள் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கிளையன்டுக்கு இன்னும் முகவரி இல்லாததால் எல்லோருக்குமாகக் கத்துகிறது: மூல முகவரி 0.0.0.0, இலக்கு 255.255.255.255, யுடிபி போர்ட் 68இலிருந்து 67க்கு. இந்தக் கத்தல் விலேன் எல்லையைத் தாண்டாது. எல்லையில் நிற்கும் கேட்வேயில் ரிலே இயக்கப்பட்டிருந்தால், அது இந்தப் பொட்டலத்தை எடுத்து, அதற்குள் ரிலே முகவரிக்கென உள்ள புலத்தில் தன்னுடைய 10.20.30.1ஐ எழுதி, நேரடியாக டிஹெச்சிபி சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அந்தப் புலத்தைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து (முகவரித் தொகுப்பிலிருந்து) முகவரி கொடுப்பது என்று முடிவு செய்கிறது. பதிலையும் அதே 10.20.30.1க்குத்தான் அனுப்புகிறது.

இந்த ஒரு பத்தியிலிருந்தே பழுதுகளின் பட்டியல் வந்துவிடுகிறது. ரிலே இல்லையென்றால் சர்வரில் எதுவும் வந்துசேராது. ரிலே இருந்து 10.20.30.0க்கு ஸ்கோப் இல்லையென்றால் கோரிக்கை வரும், பதில் போகாது. ஸ்கோப்பும் இருந்து, சர்வரின் கேட்வே தவறென்றால் பதில் புறப்படும், போய்ச் சேராது. ஃபயர்வால் விதி போர்ட் 67ஐ ஒரு திசைக்கு மட்டும் திறந்திருந்தாலும் சில அமைப்புகளில் இதே கதைதான். பயனர் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அறிகுறி, ஐபி கிடைக்காத கணினி தனக்குத்தானே வைத்துக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் முகவரி. அதனால் பயனர் கணினியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை கிடைக்காது; கேட்வேயின் இரு பக்கமும், சர்வரிலும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் வைத்துப் பொட்டலம் எதுவரை வந்தது என்று பார்க்க வேண்டும். நான்கு பிழைகளையும் வேண்டுமென்றே உண்டாக்கி, நான்கையும் வயர்ஷார்க்கில் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: காலையில் கணினியை இயக்கியதும் ஐபி வராமல், ஒரு நிமிடம் கழித்துத் தானாக வந்தால் டிஹெச்சிபி மேல் பழி போடாதீர்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க் சுழல்களைத் தடுக்கும் ஸ்விட்ச் வசதி) ஒரு போர்ட் உயிர் பெற்றதும் கேட்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி, ஆக 30 விநாடி போக்குவரத்தை விடாது. அதற்குள் கிளையன்ட் சலித்துப்போய்விடும். பயனர் போர்ட்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் வைத்தால் சரியாகும். கூடவே பிபிடியூ கார்டு என்ற காவல் அமைப்பையும் வையுங்கள். மேசைக்கடியில் யாராவது சின்ன ஸ்விட்ச் ஒன்றை வைத்து ஒரே கேபிளின் இரு முனையையும் சுவரில் செருகினால், அந்தப் போர்ட் மட்டும் அணையும், மொத்த மாடியும் அணையாது.

'மறுக்கப்பட்டது' வேறு, 'நேரம் கடந்தது' வேறு

புதிதாக வருபவர்கள் பிழைச் செய்தியைப் படிக்காமல் 'கனெக்ட் ஆகவில்லை' என்று மட்டும் சொல்வார்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் பொட்டலம் அந்த மெஷின் வரை போயிருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை: சேவை நின்றிருக்கலாம், அல்லது 127.0.0.1இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கலாம். (சில ஃபயர்வால்கள் நிராகரித்துப் பதில் அனுப்பும், அதையும் மனதில் வையுங்கள்.) நேரம் கடந்தது என்றால் வழியில் எங்கோ பொட்டலம் விழுங்கப்பட்டது: ஃபயர்வால், தவறான ரவுட், அல்லது மெஷினே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைக்கும்.

பிங் போகிறது, டிசிபி இணைப்பு தொங்குகிறது என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சர்வருக்கு இரண்டு கார்டு, இரண்டிலும் கேட்வே கொடுத்திருப்பது. கோரிக்கை ஒரு வழியில் வந்து பதில் இன்னொரு வழியில் போகும். நிலை பார்க்கும் ஃபயர்வால் பாதி உரையாடலை மட்டும் பார்த்துவிட்டு அதைக் கொன்றுவிடும். ஒரு சர்வருக்கு ஒரே கேட்வே, மற்ற திசைகளுக்கு நிலையான ரவுட், இதுதான் விதி. மற்றொன்று எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. உள்நுழைவுப் பக்கம் திறக்கும், பெரிய கோப்பு நகராது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) உள்ளே விடும், நீளமான வெளியீடு வந்ததும் உறையும். விபிஎன் சுரங்கம் பொட்டலத்தின் கொள்ளளவைக் குறைத்திருக்கும், அதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்திருப்பார்கள். பிங்கில் 'துண்டாக்காதே' குறியை வைத்து 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்போடு சேர்ந்து 1500 ஆகும். அது போகவில்லை, 1400 போகிறது என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

பெயரும் நேரமும்

ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் டொமைனின் பயனர், கணினிப் பதிவேடு) என்பது டிஎன்எஸ் மேல் உட்கார்ந்திருக்கும் ஒன்று. கிளையன்ட் டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பதே எஸ்ஆர்வி பதிவுகளை (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்பவை) கேட்டுத்தான். அந்தப் பதிவுகள் உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் மட்டும் இருக்கும், கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8இல் இருக்காது. ஆனாலும் 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று பயனர் கணினியில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8ஐக் கொடுக்கும் பழக்கம் ஒழிய மாட்டேன் என்கிறது. முதல் சர்வர் ஒரு முறை தாமதித்தால் கிளையன்ட் இரண்டாவதுக்குத் தாவும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் இணையம் அருமையாக ஓடும், உள்ளே எதுவும் ஓடாது: லாகின் ஊர்ந்து போகும், குரூப் பாலிசி (டொமைன் அனுப்பும் அமைப்புகள்) இறங்காது, பகிர்வு டிரைவ் மறையும். பிறகு தானாகச் சரியாகிவிடும், நீங்கள் போய்ப் பார்க்கும்போது குறை எதுவும் இருக்காது. இரண்டாவது டிஎன்எஸ்ஸாக இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரைக் கொடுங்கள். வெளிப் பெயர்களுக்கு டொமைன் கன்ட்ரோலரே ஃபார்வர்டர் மூலம் கேட்டுக்கொள்ளும்.

டொமைனுக்குப் பெயர் வைக்கும்போது உங்களுக்குச் சொந்தமான பெயரின் கிளைப் பெயர் ஒன்றை வையுங்கள். 'டாட் லோக்கல்' வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கென (டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது. மேக், லினக்ஸ் மெஷின்களில் மோதும். பொதுச் சான்றிதழும் வாங்க முடியாது.

டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி 53 மட்டும் திறந்தால் போதாது, டிசிபி 53உம் வேண்டும். பதில் பெரிதானால் டிசிபிக்கு மாறும். பயனர் விலேனுக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஃபயர்வால் இருந்தால் 53, 88, 123, 135, 389, 445, 464 ஆகியவற்றோடு 49152 முதல் 65535 வரையான ஆர்பிசி போர்ட்களும் தேவை. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால் டொமைனில் சேர்வது போலவே போய் நடுவில் நின்றுவிடும்.

அடுத்தது நேரம். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. டொமைனில் பிடிசி எமுலேட்டர் பொறுப்பிலுள்ள கன்ட்ரோலர் மட்டும் வெளி என்டிபி சர்வரிடம் நேரம் கேட்க வேண்டும், மற்றவை அதனிடமிருந்து வரிசையாக வாங்கிக்கொள்ளும். மெய்நிகர் சூழலில் ஒரு சிக்கல்: ஹைப்பர்வைசரும் தன் நேரத்தைத் தனக்குள் ஓடும் மெஷினுக்குத் திணிக்கும். ஹோஸ்டும் டொமைன் உறுப்பினராக இருந்தால் அது கன்ட்ரோலரிடம் கேட்கும், கன்ட்ரோலர் அதனிடம் கேட்கும், இருவரும் சேர்ந்து மெதுவாகத் தவறுவார்கள். டொமைன் கன்ட்ரோலர் மெஷினில் ஹோஸ்டின் நேர ஒத்திசைவை அணைத்துவிடுங்கள். ஃபைல் சர்வரைப் பெயரால் திறந்தால் மறுக்கிறது, ஐபியால் திறந்தால் திறக்கிறது என்றால் அது கெர்பரோஸ் பக்கம் காட்டும் விரல். ஐபியால் போகும்போது பழைய சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும், அதனால்தான் வேலை செய்கிறது.

கன்ட்ரோலர் எப்போதும் இரண்டு. ஒன்றே ஒன்று இருந்து அது போனால் அலுவலகமே போச்சு. உருவாக்கிய பிறகு டிசிடயாக், ரெப்அட்மின் கருவிகளால் ரெப்ளிகேஷன் (கன்ட்ரோலர்கள் தரவை ஒன்றிலிருந்து ஒன்று பிரதி எடுப்பது) ஓடுகிறதா என்று பாருங்கள். அனுமதிகளைப் பற்றி ஒரு வரி: பகிர்வு அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்க்கிலுள்ள கோப்பின் அனுமதி) இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். பகிர்வில் பெரிய குழுவுக்கு முழு அனுமதி கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ்ஸில் மட்டும் குழுக்கள் வழியாக வைப்பது பின்னால் தலைவலியைக் குறைக்கும். தனி நபர் பெயரை ஃபோல்டரில் நேரடியாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

லினக்ஸ் பக்கம்

இங்கே முதல் ஒழுக்கம், செய்த எந்த மாற்றமும் ரீபூட்டுக்குப் பிறகு நிற்க வேண்டும். ஃபயர்வால்டியில் (லினக்ஸின் ஃபயர்வால் சேவை) நிரந்தரக் குறி இல்லாமல் சேர்த்த விதி ரீபூட்டில் போய்விடும். சேவையைத் தொடங்கினால் இப்போது ஓடும், இயல்பாக இயங்கும்படி அமைத்தால்தான் அடுத்த பூட்டிலும் ஓடும். எந்த டிஸ்க் எங்கே இணையும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை போதும், சர்வர் அவசர நிலையில் போய் நிற்கும், எஸ்எஸ்ஹெச்சும் இருக்காது. எழுதியதும் எல்லாவற்றையும் மவுன்ட் செய்யும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். முக்கியமில்லாத டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' விருப்பம் சேருங்கள்.

எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லும் வழிகாட்டிகளை மூடிவிடுங்கள். ஒரு பயிற்சி: உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு வலைப்பக்கம் எழுதி, அதை வெப் சர்வரின் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். உரிமையாளர், அனுமதி எல்லாம் சரியாக இருக்கும், பிரவுசர் மட்டும் 403 காட்டும். காரணம், நகர்த்தும்போது கோப்பு தன் பழைய முத்திரையோடு வருகிறது, 'இது பயனரின் ஹோம் கோப்பு' என்று. வெப் சர்வருக்கு அதைத் தொட அனுமதி இல்லை. நகர்த்தாமல் நகலெடுத்திருந்தால் புது இடத்தின் முத்திரை தானாக வந்திருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும்போது பெரிய எழுத்து இசட் விருப்பத்தைச் சேர்த்தால் முத்திரை தெரியும், ஆடிட் பதிவில் மறுப்பு தெரியும், ரெஸ்டோர்கான் கட்டளை சரிசெய்யும். ஐந்து நிமிட வேலை. இதற்காக முழுப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு வருடக்கணக்கில் ஓடும் சர்வர்கள் நிறைய.

டிஸ்க் நிறைந்தது என்ற பழுது உறுதியாக வரும். டிஸ்க் நிலையைச் சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் காட்டும், கோப்புகளின் அளவைச் சொல்லும் டியூ கட்டளையில் கூட்டிப் பார்த்தால் பாதிதான் வரும். யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள், ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் சேவை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் அழிக்கப்பட்டவை என்று தேடினால் அகப்படும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். இடம் இருக்கிறது, ஆனால் கோப்பு உருவாக மறுக்கிறது என்றால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவையான பதிவு) தீர்ந்திருக்கும். கோடிக்கணக்கான சின்ன செஷன் கோப்புகள் எங்கோ குவிந்திருக்கும். முதலிலேயே எல்விஎம் (டிஸ்க் பகுதிகளைப் பின்னால் பெரிதாக்க உதவும் வசதி) வைத்து, வால்யூம் குழுவில் கொஞ்சம் இடத்தை ஒதுக்காமல் விட்டுவைத்தால் நள்ளிரவில் பெரிதாக்கித் தூங்கப் போகலாம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது. ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள்.

டிஸ்க்கும் பேக்கப்பும்

ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது) பேக்கப் அல்ல. தவறி அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் சேர்த்து அழிக்கும், ரான்சம்வேர் பூட்டியதையும் உண்மையாகப் பிரதி எடுக்கும். ஓஎஸ்ஸுக்கு ரெய்டு 1, டேட்டாபேஸ், மெய்நிகர் மெஷின்களுக்கு 10, பெரிய கோப்புக் கிடங்குக்கு 6 என்பது பொதுவாக நல்ல தொடக்கம். பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு எளிது: 12 டிபி டிஸ்க் ஒன்று போய்ப் புதியது வைத்தால், விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் நிற்காமல் எழுதினாலும் மறுகட்டமைப்புக்கு 22 மணி நேரம். அலுவலக வேலையும் நடந்தால் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் மீதி டிஸ்க்குகள் முழு மூச்சில் ஓடும், அதே வயதுடைய இன்னொன்று போனால் எல்லாம் போச்சு.

ஸ்னாப்ஷாட்டும் (மெஷினின் ஒரு கண நிலையைப் பிடித்துவைப்பது) பேக்கப் அல்ல. அது அதே டிஸ்க்கில் இருக்கிறது, மறந்துவிட்டால் வளர்ந்து ஸ்டோரேஜையே நிரப்பி எல்லா மெஷினையும் நிறுத்தும். டொமைன் கன்ட்ரோலரைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புவது தனி ஆபத்து: மற்ற கன்ட்ரோலர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட எண்களை அது மீண்டும் பயன்படுத்தும், ரெப்ளிகேஷன் சத்தமில்லாமல் பிளவுபடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஹைப்பர்வைசரும் ஒத்துழைத்தால், இதற்குக் காப்பு உண்டு. இருந்தாலும் ஸ்னாப்ஷாட்டை நம்பாதீர்கள், கன்ட்ரோலரின் முறையான பேக்கப்பையே எடுங்கள். அதற்கும் ஆயுள் உண்டு: இயல்பு டூம்ஸ்டோன் காலமான (அழித்தவற்றின் குறிப்பை வைத்திருக்கும் காலம்) 180 நாளைத் தாண்டிய பேக்கப் பயன்படாது.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதது இரண்டு. பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்கக் கூடாது. டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல் போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். மற்றொன்று ரீஸ்டோர். 'வெற்றி' என்று பச்சை நிறத்தில் வரும் மின்னஞ்சல் பேக்கப் எடுத்ததற்கான சான்று மட்டுமே. உங்கள் பயிற்சிக்கூடத்தில் ஃபைல் சர்வரை முழுதாக அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து எழுப்பி, பயனர் அதே பாதையில் அதே அனுமதியோடு கோப்பைத் திறக்கும் வரை எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். நிர்வாகம் 'எவ்வளவு நேரத்தில் வரும்' என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய எண் அதுதான்.

தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொள்வது

தொலைவிலுள்ள சாதனத்தில் ஃபயர்வால் விதியையோ ஐபியையோ மாற்றும்போது பின்வழி ஒன்றை முதலில் வையுங்கள். சிஸ்கோ ரவுட்டரில் 10 நிமிடத்தில் மறுதொடக்கம் என்று கட்டளையிட்டுவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். இணைப்பு போனால் அது பழைய கட்டமைப்போடு எழும்பும், சரியாக இருந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்து சேமிக்கலாம். உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்ப்ளானின் 'ட்ரை' கட்டளை 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் தானே பின்வாங்கும். எஸ்எஸ்ஹெச் கட்டமைப்பை மாற்றினால் சோதனை விருப்பத்தோடு சரிபார்த்து, மறுதொடக்கம் செய்து, ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வை மூடாமல் புது ஜன்னலில் உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள்.

நிஜ சர்வர்களில் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தனி நிர்வாகப் போர்ட் இருக்கும். ஓஎஸ் செத்தாலும் திரையைக் காட்டும், மின்சாரத்தை அணைத்து ஏற்றும். அதை விலேன் 10இல் பூட்டிவையுங்கள், இணையத்தில் ஒருபோதும் திறக்காதீர்கள். ராக்கில் இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரின் இரண்டு வயரையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகினால் இரண்டு இருந்தும் பயனில்லை. இரண்டு தனித்தனி வழியில் செருகினால் ஒவ்வொரு வழியிலும் பாதிக்கும் குறைவான சுமைதான் இருக்க வேண்டும். ஒன்று போனதும் முழுச் சுமையும் மற்றதில் விழும், அது தாங்காமல் பிரேக்கர் விழுந்தால் ராக் முழுதும் இருட்டு.

படிப்பும் சான்றிதழும்

மேலே சொன்னது முழுதும் கட்டி, உடைத்து, திருப்பிக் கட்டிய பிறகு அதே அலுவலகத்தை இரண்டாம் முறை ஆன்சிபிள், பவர்ஷெல் ஆகிய தானியங்கிக் கருவிகளைக் கொண்டு கட்டுங்கள், கோப்புகளை கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வையுங்கள். முதல் தடவையே தானியங்கியில் இறங்கினால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நடக்கும்.

சான்றிதழில் நெட்வொர்க்குக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ நல்ல அடித்தளம். அதன் பாடத்திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிஸ்கோவின் மெய்நிகர் நெட்வொர்க் மென்பொருளான பேக்கெட் ட்ரேசரில் பயிற்சி செய்தாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். லினக்ஸுக்கு ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. அதில் கேள்வித்தாள் கிடையாது, உயிருள்ள மெஷினில் வேலையைச் செய்து காட்ட வேண்டும், ரீபூட்டுக்குப் பின் நிற்காத எதற்கும் மதிப்பெண் இல்லை. விண்டோஸில் பழைய எம்சிஎஸ்ஏ 2021 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கான பழைய புத்தகங்களில் ஆக்டிவ் டைரக்டரி, டிஎன்எஸ் பகுதிகள் இன்றும் பயன்படும், மற்றதற்காக வாங்காதீர்கள்.

பயிற்சி நிலையத்தில் சேர்வதானால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு மாணவருக்கும் தனி மெஷின்கள் உண்டா, ஆசிரியர் வேண்டுமென்றே உடைத்துக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வாரா. இல்லை, திரையில் காட்டுவோம் என்றால் அதையே வீட்டில் வீடியோவில் பார்க்கலாம்.